கண்ணாடி பீரோவும் பஸ் சீட்டும்

அந்த பீரோ புது வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று அதிகாரி முடிவு கட்டிவிட்டார். முடிவை யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக மனைவியிடம் சொல்லவில்லை. பதினாறு வருஷ இல்லறத்தில் மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் நிறைவேற்றிய முடிவு என்று ஒன்று கிடையாது. சொல்லாமல் நிறைவேற்றியது ஒன்றே ஒன்று உண்டு. அதுதான் பஸ் சீட்.

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனிகளை மேய்ப்பது அவர் உத்தியோகம். லாரிக்கு உரிமம் இருக்கிறதா, எவ்வளவு பாரம் ஏற்றலாம், சாமானை எப்படிக் கட்ட வேண்டும், பட்டியலை எப்படி எழுத வேண்டும் என்று மொத்தம் நாற்பத்திரண்டு விதிகள். அத்தனையும் அவர் கைப்பட எழுதியவை. அவர் கையெழுத்து அவருக்கே புரியாது என்பதால், ஒவ்வொரு விதியையும் மனைவிதான் உட்கார்ந்து நகல் எடுத்துக் கொடுத்தாள். நகல் எடுப்பவர்கள் எழுதுவதைப் படிக்கவும் செய்வார்கள் என்பது மனிதருக்குத் தோன்றவே இல்லை.

பஸ் சீட் வந்த கதை இது. ஓடி ஓய்ந்த பஸ் ஒன்றை உடைத்து ஏலம் விட்டபோது, இருபத்தேழு, இருபத்தெட்டு என்று நம்பர் போட்ட இரட்டை சீட்டை அவர் தூக்கி வந்து ஹாலில் ஜன்னலோரம் போட்டார். கூடவே கண்டக்டர் மணியும் கயிறும். ஆபீஸ் விட்டு வந்ததும் இருபத்தேழில் அவர் உட்காருவார். இருபத்தெட்டில் அவருடைய பேப்பர் உட்காரும். கயிற்றை ஒரு தடவை இழுத்தால் தண்ணீர் வர வேண்டும். இரண்டு தடவை இழுத்தால் காப்பி.

"அந்த பல்பைக் கொஞ்சம் மாத்துங்களேன்" என்று மனைவி கேட்டால், "வண்டி ஓடிக்கிட்டிருக்கு, இப்ப இறங்க முடியாது" என்பார். இந்த நகைச்சுவையை அவர் ஏழு வருஷமாகச் சொல்லி வந்தார். ஏழு வருஷமாக அவர் மட்டுமே சிரித்து வந்தார்.

பீரோ, மனைவியின் அண்ணன் கொடுத்தது. மூன்று கதவு. நடுக்கதவு முழுக்க ஆளுயரக் கண்ணாடி. இருபத்தேழில் உட்கார்ந்து தலையைத் திருப்பினால் எதிரே தொப்பையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அந்த ஆளை அதிகாரிக்குப் பிடிக்காது.

இரண்டும் ஒரே ஹாலில் ஒருவழியாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தன. புது வீடு வந்துதான் வினையாகிவிட்டது. அங்கே ஹால் சின்னது. ஜன்னலோரம் பீரோ நின்றால் சீட்டுக்கு இடமில்லை. சீட் இருந்தால் பீரோவுக்கு இடமில்லை.

"ஜன்னலோரம் பீரோவைப் போட்டுடலாம்" என்றாள் மனைவி.

"அப்ப என் சீட்?"

"மாடிப்படிக்குக் கீழே இடம் இருக்கே."

"அங்க தொடப்பம் இல்ல வைப்பாங்க?"

"வைக்கட்டும். ரெட்டை சீட்டுதானே, ரெண்டு பேரும் உக்காருங்க."

மேலே பேசினால் தோற்றுவிடுவார் என்று அதிகாரிக்குத் தெரியும். எழுத்தில்தான் அவர் சிங்கம். அவருக்குப் பதினான்காம் விதி ஞாபகம் வந்தது. ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரமுள்ள கண்ணாடிச் சாமானுக்கு நாலு பக்கமும் மெத்தைத் தடுப்பும், ஆடாமலிருக்க இரும்பு முட்டும் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோதனைச் சாவடியிலேயே இறக்கிவிட வேண்டும். மறுபடி ஏற்றக் கூடாது. எந்தக் கம்பெனியும் இதை ஒழுங்காகச் செய்வதில்லை, பழைய சாக்கைச் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். புது வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு சாவடி உண்டு, அதற்குப் பின் தெருவில்தான் மச்சான் வீடு. பீரோ கொடுத்தவரிடமே போய்ச் சேர்ந்துவிடும். பழி சட்டத்தின் மேல் விழும். அதிகாரிக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது.

அன்று சாயங்காலமே டேப்பை எடுத்துக் கண்ணாடியை அளந்தார்.

"என்னங்க அளக்கறீங்க?"

"புது வீட்டு வாசல்ல நுழையுமான்னு பாக்கறேன்."

"அதுக்கு பீரோவை இல்ல அளக்கணும்? கண்ணாடியை மட்டும் அளக்கறீங்க?"

அதிகாரி டேப்பைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் விட்டதே அபாயம் என்று வேறு எந்தப் புருஷனுக்கும் உறைத்திருக்கும்.

வீடு மாற்றும் நாளன்று காலையில் அவர் முதலில் போனது சோதனைச் சாவடிக்கு. அங்கிருந்த சாவடி இன்ஸ்பெக்டர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. இன்னும் விதிகளை நம்பிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு என் வீட்டு லாரி வரும். மேலதிகாரி சாமானாச்சேன்னு தயவு தாட்சண்யம் பாக்காதீங்க" என்றார் அதிகாரி. "ஒவ்வொண்ணா பாருங்க. பதினாலாம் விதியை மட்டும் விட்டுடாதீங்க."

"சொந்த லாரியையே சோதிக்கச் சொல்ற ஆளை இன்னிக்குத்தான் சார் பாக்கறேன்" என்றார் இன்ஸ்பெக்டர். எழுந்து நின்று ஒரு சல்யூட்டும் அடித்தார். அதிகாரிக்கே தன் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

வீடு திரும்பியபோது லாரியில் சாமானை ஏற்றிக் கதவும் சாத்தியாகிவிட்டது. கம்பெனி மேஸ்திரி பதினோரு பக்கப் பட்டியலோடு வியர்த்துப்போய் நின்றார். விதி எழுதியவர் வீட்டு சாமான் என்றால் எந்த மேஸ்திரிக்கும் வியர்க்கும்.

"ஐயா, படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. அது விதி" என்றார் மேஸ்திரி.

'படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்' என்று ஊர் முழுக்கத் துண்டுப் பிரசுரம் கொடுத்தவர் சாட்சாத் இந்த அதிகாரிதான். ரேடியோவிலும் மூன்று தடவை பேசியிருக்கிறார்.

"எழுதினவனுக்கே பாடமா? பேனாவைக் குடுங்க" என்று வாங்கியவர், மனைவி பக்கம் திரும்பினார். "என் சீட்டை ஏத்தியாச்சா?"

"முதல்ல அதைத்தான் ஏத்தினோம். பீரோவை ஒட்டியே இருக்கு."

"லிஸ்ட்ல வந்திருக்கா?"

"ஒன்பதாம் பக்கம்."

பதினோரு பக்கத்திலும் பதினோரு கையெழுத்து. ஒன்பதாம் பக்கத்தில் மட்டும் கீழே ஒரு கோடு இழுத்து அழகுபடுத்தினார்.

மனைவி லாரியில் முன்னால் ஏறிக்கொண்டாள். அதிகாரி ஸ்கூட்டரில் பின்தொடர்ந்து, சாவடிக்குச் சற்று முன்னாலேயே நிறுத்தி, ஒரு மரத்தடியில் காத்திருந்தார். இன்ஸ்பெக்டர் லாரிக்குள் ஏறினார். பத்து நிமிஷம் ஆயிற்று. பீரோ இறங்கவில்லை. இருபது நிமிஷம் ஆயிற்று. இன்ஸ்பெக்டரும் இறங்கவில்லை. அதிகாரிக்குப் பொறுக்கவில்லை, கிட்டே போனார்.

"வாங்க சார், வந்து பாருங்க" என்றார் இன்ஸ்பெக்டர் உள்ளேயிருந்து. "பதினாலாம் விதியை இவ்வளவு அழகா யாரும் செஞ்சு நான் பாத்ததில்ல. போட்டோ எடுத்திருக்கேன். எல்லாக் கம்பெனிக்கும் அனுப்பப் போறேன்."

அதிகாரி எட்டிப் பார்த்தார். நடுவில் பீரோ கம்பீரமாக நின்றது. கண்ணாடியின் மேல் பச்சை ரெக்ஸின் மெத்தை ஒன்று கட்டியிருந்தது. அதில் வெள்ளை எழுத்தில் இருபத்தேழு. பின்பக்கம் இருபத்தெட்டு. இடப்பக்கமும் வலப்பக்கமும் முதுகு சாயும் மெத்தைகள். சீட்டின் இரும்புச் சட்டத்தைப் போல்ட் கழற்றி அடியில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு இம்மிகூட ஆடவில்லை.

"சரியா இருக்குல்ல சார்?"

"சரியா இருக்கு" என்றார் அதிகாரி. வேறு என்ன சொல்வது.

போகட்டும், மறுபடி பூட்டிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் மனசைத் தேற்றிக்கொண்டு வந்தார். புது வீட்டு ஜன்னலோரம் பீரோ நின்றதும், மேஸ்திரி நாலு மெத்தையையும் இரும்புச் சட்டத்தையும் லாரியில் திரும்ப ஏற்ற ஆரம்பித்தார்.

"மேஸ்திரி, அந்த சீட்டை இங்க வச்சிட்டுப் போங்க."

"சீட் ஏதுங்க ஐயா? ஒன்பதாம் பக்கம் பாருங்க. பேக்கிங் பொருள், மெத்தை நாலு, இரும்பு முட்டு ஒண்ணு. உங்க கையெழுத்து இருக்கு. கீழ கோடுகூட இழுத்திருக்கீங்க."

அதிகாரி பட்டியலைப் பிடுங்கி ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தார்; அப்படியே இருந்தது. முப்பத்தொன்றாம் விதி. பேக்கிங் பொருள் அனைத்தையும் கம்பெனியே அன்றைக்கே எடுத்துப் போய்விட வேண்டும், வீட்டுக்காரர் கேட்டாலும் விட்டுச் செல்லக் கூடாது. தெருவில் குப்பை சேராமலிருக்க அவர்தான் எழுதினார்.

"பரவாயில்ல, நானே சொல்றேன். வச்சிட்டுப் போங்க."

மேஸ்திரி தந்திரமாகச் சிரித்தார். "ஐயா என்னை சோதிச்சுப் பாக்கறீங்க."

"சோதனை இல்லய்யா. நிஜமாவே வேணும்."

"போன மாசம் வேற ஒரு கம்பெனிக்காரர்கிட்ட இப்படித்தான் வீட்டுக்காரர் மாதிரி போய் ஒரு அட்டைப்பெட்டி கேட்டீங்களாமே. அவர் பாவம் பாத்துக் குடுத்தாரு. உரிமம் போச்சு. எங்க சங்கத்துல எல்லாருக்கும் தெரியும்ங்க."

அதுவும் உண்மைதான். அதிகாரி மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. "அம்மா, ஐயா நடிப்புல பிச்சு ஒதர்றாரு" என்றார் மேஸ்திரி மனைவியிடம்.

"அவர் அப்படித்தான். நீங்க அசையாதீங்க மேஸ்திரி" என்றாள் அவள்.

லாரி போய்விட்டது. இருபத்தேழும் இருபத்தெட்டும் தெருமுனை திரும்பும் வரைக்கும் அதிகாரி வாசலிலேயே நின்றார். ஏழு வருஷப் பிரயாணம் இப்படி நடுவழியில் முடிந்துபோயிற்று.

"எல்லாம் உன் வேலைதானே?" என்றார் உள்ளே வந்து.

"வேலை என்ன வேலை. நீங்க எழுதினதை நகல் எடுத்தேன். பதினாலாவது எழுதும்போது கை ரொம்ப வலிச்சுது. முப்பத்தொண்ணு எழுதும்போது வலி போயிடுச்சு."

"இனிமே நான் எங்க உக்காருவேன்?"

"பஸ்ஸுல சீட் இல்லேன்னா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் உள் அறைக்குப் போய்விட்டாள்.

அதிகாரி ஹாலில் நின்றார். கண்ணாடியில் அந்தத் தொப்பைக்காரரும் நின்றார். முதல் தடவையாக இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு இரக்கம் உண்டாயிற்று. கையிலிருந்த பட்டியலை இப்போதுதான் பிரித்து முதலிலிருந்து படித்தார். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: 'மணி, கயிற்றோடு, ஒன்று. சொந்தக்காரர்: மனைவி.'

உள் அறையில் மணி ஒரு தடவை அடித்தது. அதிகாரி தண்ணீர் எடுத்துக்கொண்டு பாதி தூரம்கூடப் போகவில்லை, மறுபடி இரண்டு தடவை அடித்தது; திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.