இடி இடித்தால் முதல் வரியிலிருந்து

கம்ப்யூட்டர் படித்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று நாலு பேர் நம்புவதால்தான் என்னைப் போன்றவர்கள் பிழைக்கிறோம். (அப்போது நானும் நம்பினேன். அதுதான் வினை.)

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் எனக்கு அது முதல் சீசன். அந்த வேலையை நம்பித்தான் தாய்மாமா தன் மகள் செல்வியை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கு விருதுநகரில் பட்டாசுக் கடை.

எல்லாக் கடைகளின் ஆர்டரும் ஒரே ஃபைலாக வந்தது. பல லட்சம் வரிகள், ஊர்ப் பெயர் அகர வரிசையில். அதை டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது என் அந்தஸ்துக்குக் குறைவு என்பதால், மதியம் இரண்டு மணிக்குத் தானாக ஓடும்படி வைத்தேன். முடியாமல் நின்றால் மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி ஓடும்.

"நான் இல்லாட்டியும் ஓடும் அண்ணாச்சி" என்றேன் முதலாளியிடம்.

"அப்ப நீ எதுக்குலே?"

அது புரட்டாசி. வானம் லேசாக உறுமினாலே பட்டாசு ஆலையில் எல்லாரும் கைவேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார்கள்; மெயின் சுவிட்சையும் இறக்கிவிடுவார்கள். எங்கள் ஆபீஸும் அதே காம்பவுண்டுதான். நாலு மதியம், நாலு இடி. ஏற்றுவது தினமும் கால்வாசியில் செத்தது, மறுநாள் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தது. நேற்று ஏறியதை அழித்துவிட்டு ஆரம்பி என்று அதனிடம் நான் சொல்லவே இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் மொத்த வரிகளை எண்ணினேன். ஃபைலில் இருந்த அளவுக்குக் கிட்டத்தட்ட வந்திருந்தது. "ஏறிருச்சு அண்ணாச்சி!" என்று முழங்கி, ஷெட்யூலையும் நிறுத்திவிட்டேன். லோடுகள் கிளம்பின.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் மாமா போன் செய்தார்.

"ஏலே மாப்ளே, அருப்புக்கோட்டைக்காரன் நாலு மடங்கு சரக்கு எறங்கிருச்சுன்னு அழுகான். என் கடையில ஒரு ஊசிவெடி இல்ல. எனக்கு மட்டும் தீபாவளி கார்த்திகையிலயா?"

"இடி இடிச்சிருச்சு மாமா..."

"எனக்கு மட்டுமாலே இடிச்சுது? உன்ன நம்பி மத்தாப்பே வாங்க முடியல. பொண்ண எப்படிலே குடுக்க?"

அன்றைக்கே லாரியோடு அருப்புக்கோட்டைக்கு ஓடினேன். அதிகம் போன பெட்டிகளை நானே சுமந்து ஏற்றி, விருதுநகரில் நானே இறக்கினேன். (சட்டை கிழிந்தது இரண்டு இடத்தில். மானம் கிழிந்த இடங்களை எண்ணவில்லை.) மாமா நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்து கடைசிப் பெட்டி இறங்கும்வரை பார்த்தார். பிறகு, "தையிலயே வச்சுக்கிடுவோம்" என்றார்.

கல்யாணத்தன்று, எல்லாரும் சாப்பிட்ட பிறகு கை நனைக்க வேண்டிய மாமா, முதல் பந்தியில் முதல் இலையில் போய் உட்கார்ந்தார். அத்தை பதறிவிட்டாள்.

"என்னங்க இது! பொண்ணப் பெத்தவுக கடைசிப் பந்தியிலல்ல உக்காரணும்?"

"சும்மா இரு. மாப்பிள்ளை கடைசிப் பந்தி வரைக்கும் வரமாட்டாரு. முதல் இலைக்கே நாலு தடவ சோத்த வச்சுட்டு, முடிஞ்சிருச்சு அண்ணாச்சிம்பாரு."

இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் முதல் பந்திக்குத்தான் தள்ளுமுள்ளு. நான் சாம்பார் வாளியைத் தூக்கினால், செல்வி ஓடிவந்து வாங்கிக்கொள்கிறாள்.