கோட்டை பார்க்கப் போய்க் கூறைத்தட்டம் தூக்கிய கதை

அந்நிய நாட்டில் நாதஸ்வரச் சத்தம் கேட்டால் தமிழர் எவராலும் பேசாமல் தாண்டிப் போக முடியாது. ஒருதரம் எட்டிப் பார்த்தே ஆகவேண்டும். நானும் எட்டித்தான் பார்த்தேன். அந்த எட்டல் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் இருந்த என் அம்மாவின் இரத்த அழுத்தம் வரை போய் முடிந்தது.

அப்போது நான் ஒஸ்லோவில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தேன். வார இறுதியில் வகுப்போடு பிரான்சின் நாட்டுப்புறத்தில் பழைய கோட்டைகள் பார்க்கப் போனோம். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்கு ஓடியவள். அப்படிப்பட்டவளிடம் ஆசிரியை, "நாலு மணிக்குப் பஸ் வெளிக்கிடும், யாருக்காகவும் நிற்காது" என்று சொல்லியிருக்கக் கூடாது. காலையிலிருந்து கோட்டையை விடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தேன்.

மூன்றாவது கோட்டையில் ராஜாவின் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் மேளச் சத்தம் கேட்டது. என் தோழி இங்ரிட் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "அங்கே உங்கள் ஆட்கள்!" என்றாள். பாரிஸ் தமிழர்கள் கோட்டையின் மறுபக்கத்தைக் கலியாணத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். பார்த்துவிட்டு உடனே வருகிறேன் என்று இறங்கினேன்.

வாசலிலேயே பச்சைப் பட்டு உடுத்த ஒரு பெரிய அன்ரி என் கையைப் பிடித்துவிட்டார்.

"பிள்ளை, ஒஸ்லோவிலை இருந்து வந்தனீதானே?"

"ஓம் அன்ரி." (பொய்யில்லையே!)

"எல்லாரும் உன்னைத்தான் தேடுகினம்! சின்னனிலை கண்டது, ஆளே மாறீட்டாய்! இதென்ன, ஜீன்சோடை நிக்கிறாய்? வா உள்ளுக்கு!"

நான் வேறு ஆள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பதற்றம் வந்தால் எனக்கு நோர்வேஜிய மொழிதான் முன்னால் வரும். அதைத் தமிழாக்கி, வினைச்சொல்லைத் தேடிப் பிடித்து வசனத்தின் கடைசியில் வைப்பதற்குள் எனக்குச் சிவப்புச் சீலை உடுத்தி ஆயிற்று. சீலையின் முன்மடிப்புக் கொய்யகத்துக்கு ஊசி குத்திய அக்கா, "ஆடாதை, குத்திப்போடும்" என்றதோடு இருந்த கொஞ்சத் தைரியமும் போய்விட்டது.

மணப்பெண்ணுக்கான கூறைச்சீலையும் தேங்காயும் வைத்த தட்டத்தை என் கையில் தந்து, சபையில் எல்லோரிடமும் ஆசி வாங்கிவரச் சொன்னார்கள். கமராக்காரர் பின்னோக்கி நடந்தபடி என் முகத்துக்கு நேரே வெளிச்சம் அடித்தார். தேங்காய் உருளுமோ, சீலை அவிழுமோ, பஸ் போகுமோ என்று மூன்று பயம். பெரியவர்கள் தட்டத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் மனதுக்குள் எல்லாத் தெய்வங்களையும் கும்பிட்டேன்.

தட்டம் மணவறைக்குப் போய்ச் சேர்ந்தது. மணப்பெண் கூறையை வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளையின் தங்கையோடு உடுத்துவர உள்ளே போனார். "நீ இதிலையே நில்லு" என்றார் அன்ரி. அப்படியே நின்றேன். மணவறையில் மாப்பிள்ளை, பக்கத்தில் சிவப்புச் சீலையில் நான். கமராக்காரருக்கும் எடுக்க வேறு ஒன்றும் கிடைக்கவில்லை போலும்.

அந்த நேரத்தில்தான் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள். "சொறி பெரியம்மா, பிளேன் லேற்!"

அன்ரி அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேளமும் அந்த நேரம் பார்த்துத்தானா நிற்க வேண்டும்?

"அப்ப... நீ ஆரடி?"

"நான் கோட்டை சுத்திப் பாக்க வந்தனான் அன்ரி."

சபை சிரித்த சிரிப்பில் ராஜாவின் கட்டிலே ஆடியிருக்கும். நான் உடுப்பு மாற்றும் அறைக்குள் ஓடி ஒளித்தேன். அங்கே என் கைபேசி துடித்துக்கொண்டு கிடந்தது. அம்மா. எத்தனையாவது அழைப்போ தெரியாது.

"எடியே, எங்கை நிக்கிறாய்?"

"கோட்டையிலை அம்மா."

"கழுத்திலை தாலி இருக்கோ?"

கலியாணம் இணையத்தில் நேரலையாகப் போயிருக்கிறது. எங்களுக்குப் பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் வசந்தி அன்ரி, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தவர், சரியாக நான் மணவறையில் நின்ற நேரம் பார்த்துத் திறந்திருக்கிறார். உடனே அம்மாவுக்குப் போன்: "மகளுக்குக் கலியாணம், எங்களுக்கு ஒரு சொல்லு இல்லையோ?"

"வீடியோவைப் போடு! கழுத்தைக் காட்டு!" என்று அம்மா அழுதார். காட்டினேன். அம்மாவுக்குப் பின்னால் அப்பா ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு கடவுச்சீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

பச்சைப் பட்டு அன்ரி வந்து கைபேசியை வாங்கினார். "தங்கச்சி, அழாதேங்கோ. பிழை என்ரதான். பிள்ளை தட்டத்தை ஆட்டாமல் அசைக்காமல் கொண்டந்தவள். அதுசரி, நீங்கள் ஊரிலை எவடம்?" அவ்வளவுதான். நான் கைபேசியைத் திரும்ப வாங்குவதற்குள் இருவரும் சொந்தம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதற்குள் இங்ரிட் ஓடிவந்து, எல்லோரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள் என்றாள். ஊசிகளைக் கழற்ற நேரமில்லை. "சீலையைப் பிறகு அனுப்பு, ஓடு!" என்று அன்ரி ஒரு பை வடையை இங்ரிட்டின் கையில் திணித்தார். ஒரு கையில் ஜீன்ஸும் மறுகையில் கொய்யகமுமாகச் சரளைக் கல்லில் ஓடினேன். பஸ் வாசலில் ஆசிரியை பிரெஞ்சிலேயே, என்ன நடந்தது என்று கேட்டார். படித்த பிரெஞ்சு முழுவதும் பறந்துபோய் "நான்... கலியாணம்..." என்ற இரண்டு சொல்தான் வந்தது. அவர் கண் கலங்கி என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். பஸ்ஸே கைதட்டியது. இங்ரிட் மட்டும் கைதட்டவில்லை. அவளுடைய இரண்டு கையிலும் வடை.

அன்றிலிருந்து நான் வார இறுதியில் எங்கே வெளிக்கிட்டாலும் அப்பா பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்பார்: "இண்டைக்கு ஆரின்ர கலியாணம்?"

போன வருடம் எனக்கே கலியாணம் நடந்தது. பச்சைப் பட்டு அன்ரி பாரிஸிலிருந்து முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் கூறை உடுத்து மணவறைக்குத் திரும்பி வந்தபோது, ஐயரின் மந்திரத்தையும் மீறி அவருடைய குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது:

"தாலி கட்ட முதல் ஒருக்கா விசாரியுங்கோ. பொம்பிளை இவள்தானோ, இல்லாட்டி சுத்திப் பாக்க வந்தவளோ?"