ராபின் தலையைச் சுற்றி ஒரு வட்டம்

சேசு மரி சூசை

திண்டுக்கல்,
20.2.2005

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட மச்சான் சகாயராஜ் அவர்களுக்கு, உங்கள் மூத்த தங்கை வீட்டுக்காரன் செபஸ்தியான் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. மஸ்கட் வெயிலில் தாங்களும் தங்கள் ஏ.சி. மெஷினும் ஒரு குறையும் இல்லாமல் ஓட மாதாவை மன்றாடுகிறேன். இங்கே யாவரும் சுகம். என் வயிறு மட்டும் எரிகிறது. அதற்கு மெடிக்கலில் மாத்திரை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

முதலில் ஒரு பாவசங்கீர்த்தனம். தங்கள் அம்மா, அதாவது என் அத்தை வீட்டுச் சுவரிலிருந்து கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு காணாமல் போன உங்கள் மகள் அறிவுச்செல்வியின் படத்தை, பிரேமும் ஆணியுமாகக் கழற்றிக்கொண்டு போனவன் நான்தான். என் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. அத்தை செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, "காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடு ராசா" என்று அழும்போது, பக்கத்தில் முழந்தாள் போட்டு "ஆமென்" சொல்வதும் நான்தான்.

அந்தப் படம் யார் செய்தது? உங்கள் இளைய தங்கை பிரிஸ்கில்லாவின் வீட்டுக்காரன், என் சகலை, கொடைரோடு ஸ்டூடியோ ராபின். காலேஜ் விழாவில் பிள்ளை ஆடியபோது எடுத்ததை கம்ப்யூட்டரில் ஏற்றி என்னமோ பண்ணியிருக்கிறான். முகம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது, பாவாடை மட்டும் விசிறி போல வளைந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி, பாத்துக்கிட்டே இருந்தா எனக்கே கிறுகிறுங்குதே! மூத்த மாப்பிள்ளை எடுக்கிற படத்துல எல்லாரும் அடக்கத்துக்கு வந்தவுக மாதிரில்ல நிக்கிறாக" என்றார்கள். இருபத்தாறு வருஷமாக "அசையாதீங்க, அசையாதீங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை போனவன் நான். இப்போது அசைந்தால்தான் அழகு என்கிறார்கள். போதாததற்கு நீங்களும் போனில், "மே மாசம் பிள்ளை கல்யாண ஆல்பத்தை ராபின்கிட்டயே குடுத்துருவமா?" என்று அத்தையிடம் கேட்டீர்களாம். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை மச்சான். வெஞ்சனம் கருவாடு, அப்படியும் இறங்கவில்லை.

சரி, அவனுக்கு வளைக்கத் தெரிந்தால் எனக்கு வளையாதா என்று, எங்கள் பங்குக் கோயிலில் செபஸ்தியார் திருவிழாவுக்கு ஃப்ளெக்ஸ் போர்டு நானே செய்து தருகிறேன் என்று பங்குச் சாமியாரிடம் ஒத்துக்கொண்டேன். என் பெயர்கொண்ட புனிதர், என் கை வேலை, கோயில் வாசலில் பத்தடிக்கு எட்டடி. போன வருஷத் திருவிழாவில் நான் எடுத்த ஒரு படம் இருந்தது. சாமியார் தூபக்கலசத்தை வீசுகிறார், பின்னால் கையில் மெழுகுவர்த்தியோடு ராபின் நிற்கிறான், அவனுக்குப் பின்னால் பீடம் முழுக்க சீரியல் லைட். அந்தத் தூபக்கலசம் சர்ரென்று வளைந்து வருகிற மாதிரி செய்துவிட்டால் போதும், ஊரே வாயைப் பிளக்கும் என்று ஆறு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். உங்க தங்கச்சி சகாயசெல்வி, "ஏங்க, இந்த வயசுல எதுக்கு வளைவு? உங்க முதுகு வளைஞ்சது பத்தாதா?"ன்னா. அதுல மோஷன் பிளர்னு ஒண்ணு இருக்கு மச்சான், அசைவைக் காட்டுறதுக்கு. அதை அமுக்குனா எல்லாம் நேர்கோட்டுல இழுக்குது. சாமியார் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுற மாதிரி ஆயிட்டாரு. கோணத்தை மாத்துனேன், தூபக்கலசம் மேல பறக்குது. இன்னொரு தரம் மாத்துனேன், கால்ல விழுது. வளைய மட்டும் மாட்டேங்குது, நம்ம வீட்டுப் பொம்பளைங்க மாதிரி.

கடைசியில ரேடியல் பிளர்னு ஒண்ணு ஆப்ட்டுச்சு. அதுல சுழல்னு குடுத்தா, ஒரு புள்ளியை நடுவுல வச்சு மொத்தத்தையும் சுத்த விடும். நடுப்புள்ளிக்குப் பக்கத்துல இருக்கிறது தெளிவா நிக்கும், தள்ளிப் போகப் போக வளைஞ்சு கோடாகும். ஆனா அந்தப் புள்ளியை வைக்கத் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம்தான் தருவான். அதுல படமே தெரியாது, குத்துமதிப்பா வைக்கணும். மாதாவை நினைச்சு வச்சேன், ஓகே அமுக்குனேன், ஏழு நிமிஷம் மணல்கடிகாரம் சுத்துச்சு. எங்கே கரண்ட் போயிருமோன்னு வேர்த்துப்போய், படம் வந்ததும் தூபக்கலசத்தை மட்டும் பெருசாக்கிப் பார்த்தேன். ஆகா, அம்புட்டு அழகு! அருவா மாதிரி வளைஞ்சு வருது. சாமியார் முகம் கலைஞ்சு போச்சுன்னு பழைய முகத்தை வெட்டி மேல ஒட்டி, சேவ் பண்ணி, சி.டி.யில போட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில குடுத்துட்டேன். மத்த இடத்தையெல்லாம் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்லை.

கொடியேத்தத்தன்னிக்குக் காலையில போர்டைத் தூக்கிக் கட்டிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், புள்ளி விழுந்தது ராபின் மண்டையில! அவன் முகம் மட்டும் பளிச்சுன்னு, பின்னால இருந்த சீரியல் லைட்டெல்லாம் சுத்திச் சுத்தி அவன் தலைக்குப் பின்னால, புனிதர் படத்துல இருக்கிற மாதிரியே, தங்க வட்டமா நிக்குது. கையில மெழுகுவர்த்தி வேற. சாணார்பட்டியிலிருந்து பூ விற்க வந்த மாயக்காள் கூடையை இறக்கி வச்சு, "இது எந்தச் சாமிய்யா? புதுசா இருக்காரே"ன்னு கேட்டு, ரெண்டு முழம் கனகாம்பரத்தைப் போர்டுல சாத்திட்டா. மத்தியானத்துக்குள்ள அடியில பதினோரு மெழுகுவர்த்தி. சாயங்காலம் கொடியேத்தம் பார்க்க ராபின் வந்தான், அவனை நேர்ல பார்த்ததும் கூட்டம் விலகி வழி விடுது. சேவுகம்பட்டிக்காரம்மா ஒருத்தி காய்ச்சக்காரப் பிள்ளையை அவன் கையில குடுத்துட்டா.

"யக்கா, நான் போட்டோ கடைக்காரன்க்கா!"

"அப்பிடித்தான் சாமி, பெரியவுக தன்னைச் சொல்லிக்கவே மாட்டாக."

மறுநாள் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ருச்சாம். சிரப்புதான் காரணம்னு நான் ஒவ்வொருத்தர்கிட்டயா சொல்லிப் பார்த்தேன். யாரு கேக்கிறா? வட்டம் கிடைச்சது பத்தாதுன்னு அவனுக்குச் சீக்கைத் தீர்த்த புதுமையும் கிடைச்சிருச்சு.

சாமியார் என்னை மேடைக்குப் பின்னால கூப்பிட்டார். "செபஸ்தியான், உசுரோட இருக்கிற ஆளுக்கு, அதுவும் ரெண்டு ஞாயிறா பூசைக்கு வராத ஆளுக்கு, எப்பிடிய்யா வட்டம் போட்ட?"ன்னார்.

"சாமி, நான் போடலை. தானா வந்துச்சு."

"ஏலே, மெதுவாச் சொல்லு. அதையும் புதுமைன்னு சேர்த்துக்குவாங்க. ஏறிக் கழட்டு!"

கழட்ட ஏணியில ஏறுனேன். கீழேயிருந்து சோலையம்மாள், நம்ம தெரு இட்லிக் கடைக்காரி, ஊருக்கே கேக்கிற மாதிரி, "பாரு, சகலைக்குப் பேரு வந்தது பொறுக்காம கழட்டுறான் பாரு!"ன்னா. வாழ்க்கையில முதல் தரம் நான் பொறாமையில்லாம ஒரு வேலை செஞ்சேன் மச்சான், அதுக்கு இந்தப் பேரு. ராபின்தான் ஏணியைப் பிடிச்சுக்கிட்டான். "பாத்து இறங்குங்கண்ணே"ன்னான். அதுக்கும் ஊரு, "எம்புட்டுத் தங்கமான குணம்!"னுச்சு.

ஆகவே மச்சான், அறிவுச்செல்வி கல்யாண ஆல்பம் மூத்த மாப்பிள்ளையாகிய எனக்கே வர வேண்டும். அது என் உரிமை. பிறந்த மூன்றாம் நாள் அவளை முதல் படம் எடுத்தவன் நான், அதில் அவள் அசையவே இல்லை. வளைவெல்லாம் இப்போது எனக்குக் கைவந்துவிட்டது, மாலை வளையும், முந்தானை வளையும். யார் தலையிலும் வட்டம் விழாமல் பார்த்துக்கொள்கிறேன். தப்பித் தவறி விழுந்தால் பெண்ணைப் பெற்ற தங்கள் தலையில் மட்டும் விழும்படி புள்ளி வைக்கிறேன். ராபினுக்குக் கொடுத்துவிட்டீர்களானால் நான் பந்தியில் உட்காருவேன், சாப்பிடுவேன், ஆனால் சிரிக்க மாட்டேன்.

தங்கள் வீட்டு அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. தங்களுக்குக் கைநிறைய வேலையும், வேலைக்கேற்ற தூக்கமும், விசா தடங்கலின்றிக் கல்யாணத்துக்கு ஊர் வந்து சேரும் வரமும் தேவமாதா தருவாளாக.

தங்கள் பதிலுக்குத் தபால்காரனைத் தினமும் மறிக்கும்,
செபஸ்தியான்

பி.கு.: ஆல்பம் எனக்குத்தான் என்று முடிவானால், ராபினுக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள். மே மாதம் பதினைந்து நாள் அவன் கம்ப்யூட்டரை எனக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். இதுவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சாவி தருகிறான், வெளி ஆர்டர் இல்லாத நாளில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியும் தருகிறான். என்னிடம் ஏது கம்ப்யூட்டர்?