கனவில் சொல்ல வேண்டியது

மாமியார் ஸ்தமாத்தியா தட்டில் பூண்டுத் துவையலை வைத்த நொடியில் பந்தெலிஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

வேண்டுமென்று செய்யவில்லை. சுவர்க் கடிகாரம் இரண்டடித்தது. மணியடிக்கும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்ப்பது அவனுடைய பயிற்சி. மூச்சு வந்தால் கனவு, வராவிட்டால் நனவு. வரவில்லை.

"ஏன் மாப்ளே, நாத்தமடிக்குதா?"

"ஐயோ இல்ல அத்தை, பிரமாதம்!" என்று மூன்று தட்டு காலி செய்தான். மறுநாளும் அதே துவையல். அதற்கு மறுநாளும்.

வினையெல்லாம் அலுவலகத்தில் பக்கத்து மேஜை அர்கீரிஸால் வந்தது. இரண்டு வாரம் என்று ஊரிலிருந்து கவாலா நகரத்து வீட்டுக்கு வந்த மாமியார் நான்கு மாதமாகியும் கிளம்பவில்லை. கிளம்புங்கள் என்று சொல்ல பந்தெலிஸுக்கு நாக்கு எழவில்லை. பெண்டாட்டி எவாந்தியாவோ, "வேணும்னா நீங்களே சொல்லுங்க" என்று கழன்றுகொண்டாள். மதியம் கண்ணயர்ந்தால் கனவிலும் மாமியாரே வந்து நின்றாள்.

"அங்கேயே சொல்லிடுடா," என்றான் அர்கீரிஸ். "இது கனவுன்னு கனவுக்குள்ளயே தெரிஞ்சுட்டா, யாரை வேணா என்ன வேணா பேசலாம். நாலு தடவை அங்க பேசிப் பழகினா இங்க தானா வாய் வரும்."

"கனவுன்னு எப்படிடா தெரியும்?"

"மூக்கைப் பிடி. இல்லேன்னா விரலை எண்ணு. கனவுல ஆறு, ஏழுன்னு வரும். பகல்ல செஞ்சு பழகு, தூக்கத்துலயும் கை தானா செய்யும்."

மூக்கு வம்பாகிப்போனதால் விரலுக்கு மாறினான். மறுநாள் சாப்பாட்டு மேஜையில் கையைத் தூக்கி, விரல்களை விரித்து, புறங்கையைப் பார்த்து எண்ணினான். உள்ளங்கை நேராக மாமியாரின் முகத்துக்கு! கிரேக்க நாட்டில் அதைவிடக் கேவலமான வசவு கிடையாது.

"அஞ்சு விரலையும் விரிச்சு எனக்கா காட்டுறீங்க? என் மூஞ்சிக்கு நேரா? இதுக்கு நீங்க செருப்பாலயே அடிச்சிருக்கலாம்!"

"சேச்சே! தலை சுத்துது அத்தை. கை எங்க போகுதுன்னே தெரியல."

தப்பிக்கச் சொன்ன அந்தப் பொய்தான் அவனைக் கவிழ்த்தது.

"அப்ப கண்ணு பட்டிருக்கு!" என்று எழுந்தவள், தண்ணீர்க் கிண்ணத்தில் எண்ணெயைச் சொட்டவிட்டாள். சொட்டு சிதறி மறைந்தது. கொட்டாவி விட்டபடியே ஜெபம் முணுமுணுத்து, அவன் முகத்தில் மும்முறை "த்தூ" என்றாள். "எம்மாம் பெரிய கண்ணு! உங்களை இப்படி விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

சனிக்கிழமை மதியம், ஊரே ஜன்னலைச் சாத்திக்கொண்டு உறங்கும் நேரம். பந்தெலிஸ் கண் திறந்தபோது கட்டிலருகே மாமியார் நின்றாள். காதில் தோடு, மேலெல்லாம் வாசனை. போதாததற்கு, சிரித்தாள்! நான்கு மாதத்தில் அவன் காணாத சிரிப்பு.

அவசரமாக விரலை எண்ணினான். அரையிருட்டு. மூக்குக்கண்ணாடி மேஜைமேல் கிடந்தது. விரல்கள் கலங்கி ஆறாகத் தெரிந்தன. அவனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"ஏய் கிழவி! ரெண்டு வாரம்னு வந்தியே, உங்க ஊர்ல காலண்டரே கிடையாதா? என் நாற்காலி உனக்கு, என் ரிமோட்டு உனக்கு, துப்புறதுக்கு என் மூஞ்சியும் உனக்கா? கட்டுடி மூட்டையை!"

இப்படியொரு சுகத்தை அவன் பிறந்ததிலிருந்து அனுபவித்ததில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று மூக்கையும் பிடித்துப் பார்த்தான். மூச்சு வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தான். வரவேயில்லை.

மாமியாரின் கண்ணில் நீர் கோத்திருந்தது. இது கனவேயில்லை! பந்தெலிஸுக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. கட்டிலிலிருந்து உருண்டு இறங்கி, முட்டி போட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தை, அது கண்ணேறு பேசுன பேச்சு, நானில்ல! நீங்க எங்கயும் போகக் கூடாது. கடைசி வரைக்கும் இங்கதான். நீங்க இல்லாட்டி எனக்கு யாரு துப்புவா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தோட்டைக் கழற்றினாள்.

"சரி மாப்ளே. இவ்வளவு கெஞ்சுறீங்க. இருந்துட்டுப் போறேன்."

அப்போது வாசல் மணி அடித்தது. எவாந்தியா கதவைத் திறந்தாள். டாக்ஸிக்காரர் தலையை நீட்டினார்.

"சொந்த ஊருக்கே ஒரேயடியாப் போறேன்னு காலையில வண்டி சொன்ன அம்மா எங்கங்க? பெட்டி மூணும் ஏத்தியாச்சு, பஸ்ஸுக்கு நேரமாகுது!"