சர்வருக்குப் பீடை கழித்த வைபவம்

ஒரு பொருளை வாங்கிய கையோடு, அதில் மதிப்புள்ள ஒரே பாகத்தைச் சுரண்டிச் சாக்கடையில் விட்டுவிட்டு மிச்சத்துக்குக் கற்பூரம் காட்டும் உயர்தொழில்நுட்பத்தை உலகுக்கு அளித்த பெருமை, பீளமேட்டில் பம்ப்செட் செய்யும் தொழிலதிபர் ஆறுச்சாமி அவர்களையே சேரும். அதை நேரில் காணும் பாக்கியம் அவருடைய கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் லோகப்பிரியாவுக்குக் கிடைத்தது. அவள் அதைப் பாக்கியமாகக் கருதவில்லை. பாவம், அனுபவம் போதாது.

போத்தனூரில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஆசிப்பின் கிடங்கிலிருந்து அந்தச் சர்வரைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான். நொடித்துப்போன ஒரு நூற்பாலையின் சொத்து அது. ஆபீஸில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் தாய்ப்பெட்டியாக இன்னும் பல வருஷம் உழைக்கும். அதைவிட முக்கியம், அதன் மூடியில் ஒட்டியிருந்த ஒரு சின்ன ஸ்டிக்கர்.

"இதுக்குத்தாங்க மேடம் மதிப்பே," என்றார் ஆசிப். "மில்லுக்காரங்க போட்டிருந்தத அழிச்சாச்சு. ஆபரேட்டிங் சிஸ்டத்தத் திரும்பப் போட இதுல இருக்கற லைசென்ஸ் நம்பர்தான் வேணும். இந்தப் பொட்டி இருக்கற வரைக்கும் செல்லும். பொட்டி நசுங்குனாக்கூடப் பரவால்ல, இதப் பத்தரமாப் பாத்துக்கங்க."

கம்பெனிக்குப் போனதும் முதல் வேலையாக அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று லோகப்பிரியா பஸ் ஏறினாள். சர்வர் வேனில் ஏறியது. வேன் முந்திக்கொண்டது.

கம்பெனி வாசலில் முதலாளியின் மனைவியும் டைரக்டருமான நாச்சியம்மாள் காத்திருந்தார். அந்தக் கம்பெனிக்கு ஒரு விதி உண்டு. லேத்தோ கிரைண்டரோ, நொடித்துப்போனவர்களிடம் வாங்கியதென்றால், பழைய சொந்தக்காரர் பேரைத் துப்புரவாக அழித்த பிறகுதான் அது வாசல் தாண்டலாம். சர்வருக்கு மட்டும் சலுகையா? லோகப்பிரியா மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது பெட்டி புதுமாப்பிள்ளையாக மின்னியது. மேலே சந்தனமும் குங்குமமும். ஏற்றி நசுக்கச் சக்கரம் இல்லாததால் காலடியில் சும்மா ஓர் எலுமிச்சம்பழம்.

"அம்மா, மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எங்கீங்க?" அவள் மூடியைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் சொரண்டிப்போட்டமுங்க கண்ணு. மண்ணெண்ண போட்டுத் தொடச்சு, மஞ்சத்தண்ணி தெளிச்சாச்சு. பீடை போச்சு!"

"அதுலதானுங்க லைசென்ஸ் இருந்துச்சு."

"லைசென்ஸ் வெச்சிருந்தவன் மில்லுதான் முழுகிப்போச்சே. அது நமக்கெதுக்குங்க அம்மணி?"

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று லோகப்பிரியா இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறாள்.

நெருக்கடியைச் சமாளிக்க உயர்மட்டக் குழு கூடியது. குழு என்றால் முதலாளி, அவர் மனைவி, மனைவியின் தம்பியும் பர்ச்சேஸ் மேனேஜருமான கிருபாசங்கர், ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜி. புது லைசென்ஸின் விலையை லோகப்பிரியா சொன்னதும் ஆறுச்சாமி பஜ்ஜியைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"அதென்னுங்க, கண்ணுலயே படாத சாமானுக்குப் பொட்டிய உட வெல சாஸ்தியா?"

"வேண்டாமுன்னா லினக்ஸ் போட்டுக்கலாமுங்க சார். சட்டப்படியே இலவசம். நம்ம வேலைக்குத் தாராளமாப் போதும்."

"இலவசமா?" அவர் முகம் வாடியது. "சும்மா குடுக்கறத வாங்கி ஓட்டற நெலமைக்கு நாம வந்துட்டமுங்களா? நாளைக்கு நாலு பேரு கேட்டா என்னன்னு சொல்றது?"

கிருபாசங்கர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து, திருநீறு கொடுப்பதுபோல் நீட்டினார். "மாமா, வெல கூடுன அந்த சிஸ்டமே இதுல இருக்குது. தெரிஞ்சவரு ஒருத்தரு பூட்ட ஒடச்சுக் குடுத்தாரு. பைசா வேண்டாம்."

"அப்படிச் சொல்லுங்க மாப்பிள்ள!"

"சார், அது திருட்டுங்க," என்றாள் லோகப்பிரியா.

"சேச்சே! திருட்டுன்னா எடுத்த எடத்துல கொறையோணுமல்லங்க? அவங்களுக்கு என்ன கொறஞ்சுபோச்சு?"

இலவசமாகக் கொடுப்பதை இலவசமாக வாங்குவது 'கௌரவக் குறைவு', விலைக்கு விற்பதை இலவசமாக எடுத்துக்கொள்வதே 'கௌரவம்' என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. லோகப்பிரியா தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், நல்ல நேரம் பார்த்துக் கிருபாசங்கரே பென்டிரைவைச் செருகினார். வருந்தத்தக்க செய்தி என்னவென்றால், சர்வர் மிக நன்றாக ஓடியது.

மழைக்காலம் முடிவதற்குள் வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது. கூடவே அவர்கள் சார்பில் கௌதமன் என்ற தணிக்கையாளரும் வந்தார். கம்பெனியில் ஓடும் மென்பொருள் எல்லாம் முறையாக வாங்கியவை என்று ஒரு பொறுப்பாளர் கையெழுத்திட்டுத் தர வேண்டுமாம். பொய் என்று பின்னால் தெரிந்தால், கையெழுத்திட்டவர் பேரில்தான் வழக்கு. கௌதமன் பட்டறையைச் சுற்றிப்பார்க்கப் போனதும் ஆறுச்சாமி லோகப்பிரியாவைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். இந்த வேலை அவளுக்கு வேண்டும். அதற்காகத்தான் தினமும் அன்னூரிலிருந்து நின்றுகொண்டே பஸ்ஸில் வருகிறாள். அது அவருக்கும் தெரியும்.

"ஒரே ஒரு கையெழுத்துதானுங்க அம்மணி. எல்லாத்துக்கும் லைசென்ஸ் இருக்குதுன்னு."

"இல்லீங்களே சார்."

"இல்லீன்னு நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதல்லங்க?"

"அப்ப நீங்களே போட்டுருங்க சார். முதலாளி போட்டாலும் செல்லுமுன்னு அந்த ஆடிட்டரே சொன்னாருங்க."

ஆறுச்சாமி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். கை நெஞ்சுக்குப் போனது. "நானுங்களா? பொய்யில நான் கையெழுத்துப் போடறதா? எங்கப்பன் காலத்துல இருந்து சம்பாரிச்ச பேருங்க அம்மணி!"

"அப்ப எம் பேருங்க?"

அவர் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். பிறகு, பெற்ற மகளிடம் பேசுவதுபோல் அத்தனை கனிவாகச் சொன்னார்: "நீங்க சின்னப் புள்ள கண்ணு. உங்களுக்குன்னு இன்னும் பேரே ஆகலீங்களே. கெட்டாத்தான் என்னங்க?"

அழுகை வரும் என்றுதான் லோகப்பிரியா நினைத்தாள். வந்தது கோபம். பேனாவை மூடி அவர் மேஜையில் வைத்தாள். "வாரேனுங்க சார்" என்று முறையாக விடைபெற்றுக்கொண்டு பட்டறைக்கு இறங்கி வந்தாள்.

"கையெழுத்து ஆச்சுங்களா மேடம்?" என்றார் கௌதமன்.

"நான் போடலீங்க. ஏன்னு முதலாளியவே கேளுங்க. அவரு பொய்யில கையெழுத்துப் போட மாட்டாருங்க."

அவள் சொன்னதில் ஓர் எழுத்துக்கூட மிகையில்லை. ஆறுச்சாமி அவர்கள் தம் வாழ்நாளில் ஒரு பொய்யிலும் கையெழுத்திட்டதில்லை. அதற்கென்று எப்போதும் சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பார். இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது. விளம்பரமும் கொடுத்தாயிற்று: 'நாணயமானவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்.'