பேட்ஜ் உள்ளவர்களுக்கு மட்டும்

குழந்தைகளின் குடல் வரலாற்றில் நுவரெலியாவுக்கு இணையான ஊர் உலகத்தில் வேறில்லை. குடல் புண்ணாகி மாதக்கணக்கில் இரத்தமாகப் போகும் பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுத்த மாபெரும் பயிற்சி முகாம், எழுபத்தொன்பதாம் ஆண்டு, அங்கேதான் கம்பளம் விரித்த ஓர் ஓட்டலில் நடந்தது.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மார்கிரட்டுக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. அவள் மகள் ஐவிக்கு அந்த நோய்தான். தோட்டத்து டிஸ்பென்சர் கஸ்பர் பூச்சி மருந்து கொடுத்தார், கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் பூச்சி மருந்து கொடுத்தார். பிள்ளை ஈர்க்குச்சியானதுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து, முகாமுக்கு வருகிறவர்கள் 'காட்சிக்கு' ஒரு நோயாளியைக் கூட்டிவரலாம் என்று அறிவிப்பு வந்தது. கொழும்புப் பெரிய டாக்டர் கடைசியில் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பார், மனம் வைத்தால் கண்டி ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்வார் என்றார், முகாமுக்குத் தானும் பெயர் கொடுத்திருந்த கஸ்பர். மார்கிரட் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு பஸ் ஏறினாள்.

பெரிய டாக்டர் அருமையாகப் பேசினார். இந்த நோயுள்ள பிள்ளைக்கு வயிறு கலக்கினால் ஒரு நொடி தாங்காது. வெளியே விடாத வாத்தியார் மூடர், பொறுத்திருக்கச் சொல்கிற பெற்றோர் கல்நெஞ்சர் என்றார். அத்தனை பேனாக்களும் ஓடின. மார்கிரட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பிள்ளை படும் பாட்டை இவ்வளவு சரியாகச் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறாரே.

அப்போதுதான் ஐவி தாயின் சேலையை இழுத்தாள்.

வாசலில் நின்ற அமைப்பாளர் மிகுந்த மரியாதையோடு விளக்கினார். ஓட்டல் கக்கூசு 'பேட்ஜ்' குத்தியவர்களுக்கு மட்டும். பேட்ஜ் பயிற்சி பெறுவோருக்கு மட்டும். பிள்ளை பயிற்சி பெறுபவள் அல்ல, பயிற்சிப் பொருள். வெளியே இடம் தேடிப் போனாலோ, பெரிய டாக்டர் அவளைத் தொட்டுப் பார்க்கும் முறை தவறிவிடும். மார்கிரட் மேடையைப் பார்த்தே கேட்டுவிட்டாள்.

"ஐயா, புள்ளைக்கு அவசரமா வருதுங்க."

பெரிய டாக்டர் பூரித்துப்போனார். "பாத்தீங்களா? நான் சொன்னது இதைத்தான்."

சபை எட்டிப் பார்த்தது. ஐவி காலைப் பின்னிக்கொண்டு நின்ற விதத்தை ஒருவர் படமாகவே வரைந்துகொண்டார். பேட்ஜ் விஷயத்தைப் பரிசீலிக்க ஓர் உபகுழு அமைக்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். தேநீருக்குப் பிறகு அமைக்கலாம் என்று இன்னொருவர் திருத்தம் கொண்டுவந்தார். திருத்தம் கைதட்டலோடு நிறைவேறியது.

கஸ்பர்தான் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து, தன் பேட்ஜைக் கழற்றி ஐவியின் கவுனில் குத்தி, "ஓடு புள்ள" என்றார். அந்த வருஷம் முழுக்க அவர் கொடுத்தவற்றில் வேலை செய்தது அது ஒன்றுதான். கக்கூசுக் கதவருகே நின்ற சிப்பந்தி சலாம் போட்டுத் திறந்துவிட்டார்.

ஐவி முகம் தெளிந்து திரும்பியபோது சான்றிதழ் வழங்கத் தொடங்கியிருந்தார்கள். பேட்ஜைக் கண்ட அமைப்பாளர் அவளையும் வரிசையில் நிறுத்திவிட்டார், சட்டம் சட்டம்தான். பெரிய டாக்டர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: இப்படி ஒரு பிள்ளை வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? இரத்தம் சோதிப்பேன் என்றார் ஒருவர். கொழும்புக்கு எழுதிக் கேட்பேன் என்றார் மற்றவர். இன்னொருவர் பூச்சி மருந்து என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். பெரிய டாக்டர் குனிந்த தலை நிமிராமல் அடுத்த சான்றிதழை நீட்டி, அதே கேள்வியைக் கேட்டார்.

"மொதல்ல கக்கூசுக்கு விடுவேங்க" என்றாள் ஐவி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மார்கிரட்டைக் கூப்பிட்டு, மறுநாளே பிள்ளையைக் கண்டி ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்.

முகாம் மகத்தான வெற்றி என்று அன்று மாலையே அறிவித்தார்கள். அதில் பொய்யில்லை. சான்றிதழ் வாங்கியவர்களில் ஒருத்தியாவது பாடம் படித்திருந்தாளே.