மண்வெட்டிப் பிடியில் ஒரு பிளாஷ்

என் தங்கச்சி சுகன்யாவின் கல்யாணத்தில் நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு முந்திய மாதங்களில் வீட்டில் படம் எடுப்பதைத் தவிர வேறு எதையும் பேசாதவனும் நான்தான். (அம்மா மாவிலைத் தோரணத்தைப் பற்றிக் கேட்க வந்தால், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று நான் திருப்பிக் கேட்பேன். பிறகு அம்மா தோரணத்தை வேறு ஆட்களிடம் பேசிக்கொண்டார்.)

அப்போது ஹட்டனில் ஒரு பத்திரிகையின் பிரதேச நிருபராக இருந்தேன். மண்சரிவு, பரிசளிப்பு விழா, சம்பளப் போராட்டம் எல்லாவற்றுக்கும் செய்தியும் நானே, படமும் நானே. யாரோ பாவித்துக் கழித்த கேமரா ஒன்று இருந்தது. அதன் தலையில் சின்னதாக ஒரு பிளாஷ் துள்ளி எழும். அது அடித்தால் பரிசு வாங்கும் பிள்ளை மாவு பூசியது போல் வெளுத்துப்போகும். பரிசு கொடுக்கிறவரின் நிழல் பின்சுவரில் அவரைவிடப் பெரிதாக நிற்கும். அச்சில் எல்லா முகமும் சாம்பல்தான் என்பதால் அலுவலகத்தில் யாரும் குறை சொன்னதில்லை.

சுகன்யாவின் கஷ்டம் வேறு. அவளுக்குப் படத்தில் கண் திறந்திருக்காது. பள்ளிக்கூடப் படத்தில் மூடியிருக்கும், சடங்குப் படத்தில் மூடியிருக்கும். அடையாள அட்டைக்கு எடுத்தவர் பாதிக் கண்ணோடு சமாதானமாகிப் போனார். கல்யாணம் நிச்சயமானதும் அவள் என்னிடம் வந்து சொன்னாள்:

"அண்ணே, தாலி கட்டுறப்ப ஒரே ஒரு படம். கண்ணு தொறந்திருக்கணும். வேற ஒண்ணும் நீ செய்ய வேணாம்."

இவ்வளவு தெளிவான வேண்டுகோளை அதற்கு முன்னும் பின்னும் யாரும் என்னிடம் வைத்ததில்லை. நான்தான் அதை ஓர் ஆராய்ச்சி ஆக்கினேன்.

பிளாஷ் முகத்துக்கு நேரே அடிப்பதால்தான் அவள் கண் மூடுகிறது, ஆகவே பிளாஷைக் கேமராவிலிருந்து பிரித்துப் பக்கவாட்டில் எங்கேயாவது தள்ளி வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து தூக்கம் கெட்டது. பஸ்ஸில், போராட்ட மேடைக்குக் கீழே, அமைச்சர் வருவதற்காகக் காத்திருந்த இடத்தில், எங்கும் கைபேசியில் பிளாஷ் வீடியோக்கள். வெளிச்சத்தைத் தானாக அளந்து விடும் பிளாஷ்கள் என் சம்பளத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அளவை நாமே திருகி வைக்கும் மேனுவல் பிளாஷ் மலிவு. அதிலும் எது அதிக தூரம் எட்டும், எது சீக்கிரம் மறுபடி தயாராகும், எது சூடேறிச் செத்துப்போகும் என்று ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்து, மறுநாள் மாற்றி, அடுத்த நாள் பழையதற்கே திரும்பினேன். மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்க எங்கள் வீட்டில் இவ்வளவு காலம் எடுக்கவில்லை.

கடைசியில் கொழும்புக்குப் போய், கோட்டைப் பக்கம் ஒரு கேமரா கடையில் நின்றேன். கடைக்காரர் பிளாஷை எடுத்து வைத்துவிட்டு, பக்கத்தில் தீப்பெட்டி அளவில் இரண்டு சாமான்களையும் வைத்தார். கேமராவில் ஒன்று, பிளாஷில் ஒன்று மாட்டினால் ரேடியோ மூலம் பேசிக்கொள்ளும் டிரிகர்.

"அது வேணாங்க. இதுல ஸ்லேவ் மோட் இருக்கே" என்றேன், வீடியோ பார்த்த தைரியத்தில். ஸ்லேவ் மோட் என்றால் பிளாஷின் முகப்பில் ஒரு சின்னக் கண் இருக்கும். வேறொரு பிளாஷ் அடிப்பதைக் கண்டால் அந்த நொடியே இதுவும் அடிக்கும். என் கேமராவின் துள்ளும் பிளாஷைக் கொண்டே இதைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். டிரிகர் தண்டச் செலவு.

"இருக்கு தம்பி. ஆனா அது யாரு கூப்பிட்டாலும் போகும்" என்றார் அவர்.

வியாபாரப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தேன். என்னை ஏமாற்ற முடியாது என்பதைக் காட்டும் சிரிப்பு அது. நானுஓயா வரை ரயிலில் அதே சிரிப்போடுதான் வந்தேன். (ஹட்டனில் இறங்கியிருக்க வேண்டும். பிளாஷின் கையேட்டைப் படித்துக்கொண்டே ஐந்தாறு ஸ்டேஷன் தாண்டிவிட்டேன்.)

தோட்டத்தில் எங்கள் வீடு இருந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளுக்கு நடுவே வைத்துச் சோதித்துப் பார்த்தேன். அலமாரி மேலே, கதவுக்குப் பின்னால், கோழிக்கூட்டுப் பக்கம் எங்கே வைத்தாலும் நான் கூப்பிட்டால் உடனே அடித்தது. மொத்த லயத்திலும் வேறு பிளாஷ் கிடையாது என்பது எனக்குத் தோன்றவில்லை. அது எனக்குக் கட்டுப்பட்டது என்றே நம்பினேன்.

கல்யாணம் மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். காலையிலேயே மூட்டம் இறங்கி, பக்கத்துத் தேயிலை மலை தெரியவில்லை. மண்டபத்துக்கு இடது பக்கம் ஒரு பெரிய ஜன்னல். அதற்கு வெளியே பிளாஷை வைத்து முழுச் சக்தியில் அடித்தால், உள்ளே வெயில் வந்து விழுந்தது போல் இருக்கும். சுகன்யா அதைப் பார்க்கக்கூட மாட்டாள். ஸ்டாண்ட் வாங்கவில்லை. அப்பாவின் மண்வெட்டிப் பிடியைக் கழற்றி ஈர மண்ணில் ஊன்றி, அதன் தலையில் பிளாஷைக் கயிற்றால் கட்டி, தூறலுக்கு ஒரு சிலிசிலிப் பையை, அந்தப் பொலித்தீன் பையை, குல்லாய் போல் மாட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் சோளக்கொல்லைப் பொம்மை.

மண்டபத்துக்குள் இடம் போதாததால் மேளக்காரர்களும் அதே ஜன்னல் பக்கம்தான், வெளியே ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். நாதஸ்வரம் வாசிக்கும் ராமையா அண்ணன் என்னைக் கூப்பிட்டு, இங்கிருந்து ஐயர் கையைத் தூக்குவது தெரியாது, வாசலில் யாரையாவது நிறுத்துங்கள் என்றார். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். ஓர் ஆள் வாசலில் நின்று கையை ஆட்டுவார், கெட்டிமேளம் ஆரம்பிக்கும்.

எனக்கு அது பழைய முறையாகப் பட்டது.

"ஆள் வேணாம் அண்ணே. இந்த பிளாஷ் ஒங்க பக்கத்துலயே இருக்கு. இது அடிச்சா தாலி கட்டியாச்சுன்னு அர்த்தம்."

"படம் புடிக்கிறப்ப எல்லாம் அடிக்குமே தம்பி."

"நான் ஒரே ஒரு படந்தான் எடுக்கப்போறேன்."

அவர் தவில்காரர்களிடம் திரும்பி, "கேட்டுக்கங்க, வெளிச்சம் வந்தா அடி" என்றார். அவர் முகத்தில் நம்பிக்கை இருந்ததாக ஞாபகம். அதை நினைத்தால்தான் இன்னும் வலிக்கிறது.

முகூர்த்தம் நெருங்கியது. பேட்டரி வீணாகாமல் இருக்க அதுவரை அணைத்தே வைத்திருந்த பிளாஷைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். மணவறைக்கு முன்னால் முழங்காலிட்டேன், எழுந்தேன், இடம் மாறினேன், லென்ஸைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடி துடைத்தேன். உட்காருங்கள், மறைக்கிறது என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். உட்கார முடியவில்லை. தட்டில் தேங்காய் மேல் தாலியை வைத்து, சபையிலுள்ளவர்கள் தொட்டுக் கும்பிட என் பெரியம்மா கொண்டு போயிருந்தார். அவர் கடைசி வரிசையை எட்டியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வீட்டார் பிடித்திருந்த ஸ்டூடியோக்காரர் வந்து சேர்ந்தார். அப்படி ஓர் ஆளைப் பிடித்திருப்பது எனக்குத் தெரியாது. அவருடைய வேன் அக்கரப்பத்தனைப் பக்கமிருந்து மூட்டத்தில் ஊர்ந்து வந்திருக்கிறது. பிந்திவிட்ட பதற்றத்தில் வாசலைத் தாண்டியதுமே கேமராவைத் தூக்கி ஒரு படம் எடுத்தார்.

அவருடைய பிளாஷ் கூப்பிட்டது. என்னுடையது போனது.

வெளியே மூட்டம் முழுவதும் ஒரு கணம் வெள்ளையாக எரிந்தது. ராமையா அண்ணன் சொன்ன சொல் தவறாதவர். கெட்டிமேளம் எழுந்தது.

கெட்டிமேளம் காதில் விழுந்தால் நம் ஆட்களின் கை மூளையைக் கேட்பதில்லை. தாலி தங்கள் நடுவில் தட்டில் இருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அட்சதையை மணவறை நோக்கி எறிந்தார்கள். தட்டைப் பிடித்திருந்த பெரியம்மாவே ஒரு பிடி எறிந்ததாகச் சாட்சி உண்டு. ஐயர் இரண்டு கையையும் தூக்கி, "இன்னும் கட்டலைங்க, இன்னும் கட்டல" என்றார். தூக்கிய கையைப் பார்த்து மிச்சமிருந்தவர்களும் எறிந்தார்கள்.

ஸ்டூடியோக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தாலியைத் தவறவிட்டுவிட்டோம், மிச்சத்தையாவது பிடிப்போம் என்று நினைத்திருப்பார். விட்டு விட்டு எடுத்துக்கொண்டே இருந்தார். அவர் எடுக்க எடுக்க வெளியே மின்னியது. மின்ன மின்ன, உள்ளே ஏதோ அமர்க்களமாக நடக்கிறது என்று தவில் வேகமெடுத்தது.

நான் ஓடினேன். கேமராவை யார் மடியில் போட்டேன் என்று இன்றும் தெரியாது. வழுக்கும் மண்ணில் ஒருமுறை விழுந்து, எழுந்து, மண்வெட்டிப் பிடியைக் கட்டிப்பிடித்தேன். கயிறு ஈரத்தில் இறுகியிருந்தது. சுவிட்சைத் தேடிய விரலில் சிலிசிலிப் பைதான் அகப்பட்டது. வேறு வழி தெரியாமல் பிடியோடு பிடுங்கி, பிளாஷை என் வெள்ளைச் சட்டைக்குள் திணித்தேன். அது அங்கேயும் ஒருமுறை அடித்தது. கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்த ராமையா அண்ணன் சரியாக அப்போது கண்ணைத் திறந்தார். சேற்றில் ஒருவன், வயிறு வெளிச்சமாக. நாதஸ்வரம் வாயிலிருந்து இறங்கியது.

அதற்குப் பிறகு வந்த அமைதியை நான் எந்த அஞ்சலிக் கூட்டத்திலும் கேட்டதில்லை. ஜன்னலருகே போனேன். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்றிருந்தார். சகுனம் என்ற சொல் முன் வரிசையிலிருந்து புறப்பட்டு அடுத்த வரிசைக்குப் போவது கண்ணுக்கே தெரிந்தது. அது கடைசி வரிசையை எட்டிவிட்டால், இந்த வீட்டுக்குப் போகிற சுகன்யா ஒவ்வொரு தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் அதைக் கேட்டுக்கொண்டே வாழ வேண்டும். ஒரு படம் மட்டுமே கேட்டவள் அவள்.

சுகன்யா தலையிலிருந்த அரிசியைத் தட்டிவிட்டாள்.

"அத்தே, ஒத்திகை முடிஞ்சிருச்சி. இனி கட்டச் சொல்லுங்க."

முதலில் சிரித்தது மாப்பிள்ளை ரமேஷ். பிறகு ஐயர். அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அவரும் உட்கார்ந்தார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. அந்தச் சொல் மூன்றாவது வரிசையிலேயே நின்றுபோனது.

அட்சதை தீர்ந்துவிட்டதால் அம்மா சமையற்கட்டிலிருந்து சாப்பாட்டு அரிசியில் மஞ்சளைக் கொட்டிக் கொண்டுவந்தார். நான் பேட்டரிகளைக் கழற்றி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, தூறலில், ஜன்னலுக்கு வெளியே நின்றேன். ஐயர் கையைத் தூக்கியதும் நானும் தூக்கி ஆட்டினேன். வேண்டாமென்று சொன்ன அந்தப் பழைய முறையின் ஆள் நான்தான். என் கழுத்தில் கேமரா இல்லை. இருந்திருந்தாலும் பயனில்லை: தாலி ஏறும்போது சுகன்யா கண்ணை இறுக்க மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்டூடியோக்காரர் வாசலிலிருந்து எடுத்த அந்த முதல் படம் இப்போது அவர்கள் வீட்டு முன்னறையில், பெரிய கண்ணாடிச் சட்டத்தில் இருக்கிறது. ஜன்னலிலிருந்து வெயில் போல ஒரு வெளிச்சம் அவள் ஒரு பக்கத்து முகத்தில் விழுந்திருக்கிறது. எதையோ கண்டு வியந்தவள் போல் இரண்டு கண்ணும் அகலத் திறந்திருக்கின்றன. அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு படம் அதுதான். பக்கத்தில் ரமேஷ் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சட்டத்தின் மூலையில் ஸ்டூடியோவின் பெயர் தங்க எழுத்தில் இருக்கிறது. வெளிச்சம் என்னுடையது என்று நான் சொல்லும்போதெல்லாம் சுகன்யா தேத்தண்ணி கொண்டுவரப் போய்விடுவாள்.

எங்கள் வீட்டில் யாராவது எதற்காவது அவசரப்பட்டால், மற்றவர்கள் ஐயரைப் போல இரண்டு கையையும் தூக்கி, "இன்னும் கட்டலைங்க" என்பார்கள். சோறு வேகும் முன் தட்டோடு வந்து உட்கார்ந்தால், பஸ் நிற்கும் முன் எழுந்தால், எல்லாவற்றுக்கும் அதுதான்.

சில வருடம் கழித்து என் கல்யாணம். அதே மண்டபம், அதே ராமையா அண்ணன். பிளாஷ் அடிக்கக் கூடாது என்று அம்மா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். வாசலில் ரமேஷ் மச்சானை நிறுத்தியிருந்தார்கள். நான் தாலியை எடுத்தேன், ஐயர் கையைத் தூக்கினார், மச்சானும் ஆட்டினார். மேளம் வரவில்லை. முடிச்சுப் போட்டேன். அப்போதும் வரவில்லை. அட்சதையைப் பிடித்த கைகள் அப்படியே காற்றில் நின்றன.

நாதஸ்வரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ராமையா அண்ணன் உள்ளே வந்தார். நேராக மணவறைக்கு வந்து, குனிந்து, என் மனைவியின் கழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரிங்க தம்பி" என்றார். திரும்பி வெளியே நடந்து போய், உட்கார்ந்து, வாசித்தார்.